மன்னிக்க மேடை எதுக்கு

மார்ச் 2

தவளைக்கு,

முதல்ல ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிடறேன். உன் கவர் வந்தப்போ மேல அரசாங்க முத்திரையைத்தான் பார்த்தேன். வாசப்படியை ரோட்டுல நீட்டிக் கட்டினதுக்கு நோட்டீஸ் வந்துருச்சுன்னு நினைச்சு, பிரிக்காமலே மாவு டப்பாவுக்குப் பின்னாடி சொருகிட்டேன். நாலஞ்சு நாள் அந்தப் படியில உட்காரக்கூட இல்ல, யாராவது அளவெடுக்க வந்துருவாங்களோன்னு. தபால்காரர் இன்னொரு நாள் வந்து, "உங்க தம்பி என்ன எழுதியிருக்கார்?"னு கேட்டாரு. அப்புறம்தான் எடுத்துப் பிரிச்சேன். அமைச்சரோட தனிச் செயலாளர், நீ எழுதின கடுதாசியில மாவு. தட்டிட்டுப் படிச்சேன்.

நீ எழுதினது பாதி எனக்குப் புரியல. புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், சரியான்னு பாரு. நம்ம கட்சியும் அவங்க கட்சியும் இப்ப ஒண்ணு சேர்ந்துட்டீங்க. அதுக்கு ஒரு விழா. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி வேலைநிறுத்தத்தன்னைக்கு உன் மாமா ஓட்டின பஸ்ஸுல பெட்ரோல் பாட்டிலை எறிஞ்சானே சுருட்டை, அவனை ஜெயில்லேர்ந்து கூட்டிட்டு வந்து மேடையில நிறுத்துவீங்க. செத்துப்போன டிரைவரோட பொண்டாட்டி, அதாவது நான், எல்லார் முன்னாடியும் அவனைக் கட்டிப்பிடிச்சு மன்னிச்சேன்னு சொல்லணும். சொன்னா அவனுக்கு விடுதலை. இதானே?

கட்டிப்பிடிக்கணுமாடா? உன் மாமாவையே நான் ரோட்டுல வச்சுக் கட்டிப்பிடிச்சதில்ல.

மாட்டேன்னு சொல்லல. வர்றேன்னும் சொல்லல. கோர்ட்டுல பார்த்ததுக்கு அப்புறம் அந்த மூஞ்சியை நான் பார்க்கல. அதை ஒரு தடவை பார்க்கிறதுக்கு முன்னாடியே கூட்டத்துல வச்சு மன்னிக்கச் சொல்றியே, அது எப்படின்னு எனக்குப் பிடிபடல. எழுது. போன் பண்ணாத, எடுக்கமாட்டேன். போன்ல பேசினா நீ என்னைப் பேச்சுலயே சுத்தி மூட்டை கட்டிடுவ. எழுத்துன்னா நான் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

நீ புரிந்துகொண்டது சரிதான். கட்டிப்பிடிக்க வேண்டாம், இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டால் போதும் என்று அமைச்சரிடம் பேசி மாற்றியிருக்கிறேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இதை வெறும் தேர்தல் வேலை என்று நினைக்காதே அக்கா. தேர்தல் இதில் இருக்கிறது, இல்லை என்று உன்னிடம் சொல்லமாட்டேன். ஆனால் போன வருஷம் வரைக்கும் நம் தெருவில் கொடி கட்டும் ராத்திரியெல்லாம் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று உனக்குத் தெரியும். இந்த வருஷம் ஒருவர்கூட இல்லை. இரண்டு தலைவர்களும் கைகுலுக்கியதால்தான் அது. தலைவர்கள் கைகுலுக்கினால் ஒரு வருஷம் தாங்கும். பறிகொடுத்தவள் கை நீட்டினால் ஒரு தலைமுறை தாங்கும். இதை நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அவனுக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவன் உள்ளே போனபோது அவள் கைக்குழந்தை. உன் சம்மதம் இல்லாமல் அவன் வெளியே வர வழியில்லை. சம்மதம் விழா மேடையில் சொல்லப்பட வேண்டும் என்பது ஏற்பாடு.

நீ பேச வேண்டியதை நானே எழுதிவிட்டேன், ஒரு பக்கம்தான். எங்கள் குமாஸ்தா கொண்டுவருவார். எங்கே நிற்பது, எப்போது கையை நீட்டுவது எல்லாம் சொல்லித்தருவார். விழா இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி.

அன்புடன்,
தம்பி


மார்ச் 13

செயலாளர் ஐயாவுக்கு,

உங்க குமாஸ்தா வந்தாரு. வீட்டுக்கு வருவாருன்னு பார்த்தா நேரா டிப்போவுக்கே வந்துட்டாரு. பணிமனையில நான் பஸ் சீட்டு தைக்கிற இடத்துல, பஞ்சும் கிழிஞ்ச ரெக்ஸினுமா கிடக்க, நடுவுல நின்னுக்கிட்டு, "அம்மா, நான்தான் குற்றவாளி"ன்னாரு. டயர் மாத்துற பசங்கள்லேர்ந்து டிக்கெட் எண்ணுறவங்க வரைக்கும் வேலையைப் போட்டுட்டு வந்து சுத்தி நின்னுட்டாங்க.

நல்ல மனுஷன்டா. வயிறு மட்டும் அவருக்கு முன்னாடியே வந்து சேருது. "நான் தலையைக் குனிஞ்சு மூணு அடி வருவேன், நீங்க ரெண்டு அடி வாங்க, கேமரா இந்தப் பக்கம்"னாரு. அவர் கையைப் பிடிச்சு, மன்னிச்சேன்னு சொன்னேன். "இன்னும் கொஞ்சம் மெதுவாம்மா"ன்னாரு. மறுபடி மன்னிச்சேன். கடைசித் தடவை நிஜமாவே அவருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அவர் வீட்டுல என்ன செஞ்சுட்டு வந்தாரோ, யார் கண்டா. எங்க மேஸ்திரி அம்மா என் காதுல, "இவரையே மன்னிச்சு அனுப்பிடு, ஜெயில்ல இருக்கிறவன் எதுக்கு?"ன்னு கேட்டாங்க. சிரிச்சு சிரிச்சு ஊசியைத் தொலைச்சேன்.

சிரிச்சது போதும். அந்தப் பேச்சுக் காகிதத்தை ராத்திரி எழுத்துக் கூட்டிப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்க. மாமா பின்கதவைத் திறக்கப் போனது, எல்லாரும் இறங்கினது, அவர் இறங்காதது எல்லாம் இருக்கு. ஒரு வரியில நின்னுட்டேன். "எங்கள் பக்கத்துக் கைகளில் கறை இல்லை, அந்தச் சுத்தமான கைகளால் மன்னிக்கிறோம்."

தவளை, அந்த வரியை என்னால வாசிக்க முடியாதுடா.

மார்க்கெட் முக்குல ஒரு தையல்காரர் இருக்காரே, ஒத்தைக் கண்ணோட. அவங்க கட்சிக்குக் கொடி தைச்சுக் குடுத்தாரு, அவ்வளவுதான் அவர் செஞ்சது. மாமா உடம்பை எடுத்துட்டு வந்த மறுநாள் சாயங்காலம் நம்ம ஆளுங்க அவர் கடைக்குள்ள புகுந்தாங்க. அவர் இஸ்திரிப்பெட்டியாலயே அவரை அடிச்சாங்க. யாரு அடிச்சதுன்னு கேஸே கிடையாது. மாடிப்படியில விழுந்துட்டேன்னு அவரே எழுதிக் குடுத்துட்டாரு. அவர் கடைக்கு மாடியே கிடையாது.

அன்னைக்கு ராத்திரி நீ கழட்டிப் போட்ட சட்டையைத் துவைச்சது நான். வீடு நிறைய ஆளுங்க, அழுகை. பின்னாடி வாளியில அதை முக்கி வச்சேன். அது மாமா ரத்தம் இல்லன்னு எனக்குத் தெரியும். மாமாகிட்ட ரத்தமே மிச்சம் இல்ல. நான் உன்கிட்ட எதுவும் கேக்கல. நீயும் சொல்லல. இவ்வளவு நாளா அதை அப்படியே வச்சிருந்தோம், நல்லாத்தான் இருந்துச்சு. நீயா அந்த வரியை எழுதி என் கையில குடுக்காம இருந்திருந்தா இனிமேலும் அப்படியே இருந்திருக்கும்.

நீ போய் அவர் முன்னாடி நில்லு. அப்புறம் நான் எந்த மேடையில வேணா ஏறுறேன். வேணும்னா கட்டிக்கூடப் பிடிக்கிறேன்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

இப்படிப்பட்ட விஷயங்களைக் கடிதத்தில் எழுதாதே. தபால் பல கைகள் மாறி வருகிறது.

அன்று நடந்ததைப் பற்றி உனக்கு முழுதாகத் தெரியாது. கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் அடித்தவர்கள் இல்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. மாமாவை அடையாளம் காட்டச் சொல்லி என்னைத்தானே பிணவறைக்குள் அனுப்பினார்கள்? உன்னை அனுப்பவில்லையே. நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை.

கறை இல்லாதவள் போல் நீ எனக்குப் பாடம் நடத்துவதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. டிப்போ வேலை யார் வாங்கித் தந்தது? கட்சி. ஒவ்வொரு வருஷமும் நினைவு நாளன்று முதல் வரிசையில் யார் உட்கார்ந்தது? "அவனுங்களை வேரோட பிடுங்கணும்" என்று தலைவர் பேசும்போது யார் கைதட்டினது? அப்போதும் அந்தத் தையல்காரர் மார்க்கெட் முக்கில்தான் இருந்தார். ஒரு நாளாவது எழுந்து அவரைப் பற்றிக் கேட்டாயா? இப்போது மட்டும் ஞானம் எங்கிருந்து வந்தது?

விழா இருபத்தெட்டாம் தேதி. நீ வராவிட்டால் கோப்பு மூடப்படும். அவன் உள்ளேயே இருப்பான். அவன் மகள் அப்பா இல்லாமலே வளர்வாள். அது உன் கையில்தான் இருக்கிறது, என் கையில் இல்லை.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

நீ எழுதினது அத்தனையும் நிஜம். வேலை கட்சி குடுத்ததுதான். முதல் வரிசையும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அங்க காத்தாடி நல்லா வீசும், எல்லாரும் எழுந்து நின்னு வழி விடுவாங்க. புருஷன் செத்தவளுக்கு வேற எங்க அந்த மரியாதை? கைதட்டினதும் நான்தான். பலமாத்தான் தட்டினேன். தையல்காரர் கடை வழியாப் போகாம மீன்கடைப் பக்கமா சுத்திப் போவேன். நாத்தம் பரவாயில்லன்னு.

ரெண்டு நாள் உன் கடுதாசியை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேன். அவன் மக வளர்றது என் கையிலன்னு எழுதிட்ட பாரு, அது தூங்க விடல. அப்புறம் லீவு போட்டுட்டு ஜெயிலுக்குப் போனேன். உன்கிட்ட சொல்லல. சொன்னா கூடவே குமாஸ்தா வருவாரு.

கம்பி வலை போட்ட ரூம். அந்தப் பக்கம் ஒரு ஆளைக் கொண்டாந்து உட்கார வச்சாங்க. நான் வார்டர்கிட்ட, "இவர் இல்ல, சுருட்டை வேணும்"னேன். அவன்தான். தலையில முடியே இல்லடா. மொட்டை. இத்தனை வருஷமா நான் சபிச்சுக்கிட்டு இருந்த முடி போன இடம் தெரியல. எனக்கு யாரைத் திட்டுறதுன்னே தெரியாமப் போச்சு.

நான்தான் முதல்ல, "மேடைக்கு ரெடியா?"ன்னு கேட்டேன். என் பழக்கதோஷம், வாய் எங்க போனாலும் கேலிதான் வருது. அவனுக்கும் ஒரு பேச்சு எழுதிக் குடுத்திருக்காங்களாம். "பஸ் காலின்னு சொன்னாங்க, தெரியாம எறிஞ்சுட்டேன்னு சொல்லச் சொல்றாங்க"ன்னான்.

"சொல்லேன், உனக்கென்ன?"ன்னேன்.

"காலின்னு சொன்னது நிஜம். ஆனா நான் பக்கத்துல போனப்போ ஜன்னல்ல ஆளுங்களைப் பார்த்தேங்க. ஒரு அம்மா குடையை மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பார்த்துட்டுத்தான் எறிஞ்சேன். பின்னாடி எங்க ஆளுங்க பார்த்துக்கிட்டு இருந்தாங்க, கையை இறக்க வெட்கமா இருந்துச்சு"ன்னான்.

கோர்ட்டுல அவன் இதைச் சொல்லல. வக்கீல் சொல்ல விடல. நான் எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். வார்டரே ஒரு கட்டத்துல வெளியில போய் நின்னுக்கிட்டாரு. அவன் காதைப் பொத்திக்கல. நான் ஓஞ்சப்புறம், "அந்தக் குடை அம்மா இறங்கிட்டாங்களா?"ன்னு மட்டும் கேட்டான். இறங்கிட்டாங்கன்னேன். இத்தனை வருஷமா அவனுக்கு யாரும் அதைச் சொல்லலியாம்.

மன்னிப்பு வேணும்னு அவன் கேக்கவே இல்ல. நானும் மன்னிச்சேன்னு சொல்லல. உள்ள அப்படி எதுவும் கரையல, பொய் சொல்ல மாட்டேன். கனம் அப்படியேதான் இருக்கு. ஆனா அவன் உள்ள உட்கார்ந்திருக்கிறதால அது குறையலன்னும் தெரிஞ்சுபோச்சு.

வெளியில வந்து ஜெயில் பெரிய அதிகாரியம்மாகிட்ட கேட்டேன், நான் மேடையேறலன்னா அவனை விடவே மாட்டீங்களான்னு. அந்த அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையே பார்த்தாங்க. "மேடையா? எந்த மேடை? உங்க சம்மதக் கையெழுத்து இருந்தாப் போதும். எந்த வேலை நாள்ல வேணா வந்து போடலாம். போன வருஷத்துலேர்ந்தே போட்டிருக்கலாம்"னாங்க.

போன வருஷத்துலேர்ந்தே. உனக்கு இது தெரியாதுன்னு நான் நினைக்கணும்னு ஆசைப்படறேன். நினைக்க வரல.

போட்டுட்டேன். அவன் இன்னும் மூணு நாலு நாள்லயே வெளியில வந்துருவான். உன் விழாவுக்கு முன்னாடியே. மேடைக்கு நான் வரமாட்டேன்.

தையல்காரர் விஷயத்துல இனி உன்கிட்ட பேரம் இல்ல. பேசினது தப்பு, ஒருத்தன் விடுதலையை வச்சு இன்னொருத்தனை மிரட்டுறது உங்க ஆபீஸ் வேலை. நான் நேத்து அவர் கடை வழியாத்தான் வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் செஞ்சுடல. அவர் தலைநிமிரல. நீ போறதும் போகாததும் உன் இஷ்டம்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

எனக்குத் தெரியும். விதி மாறியபோது அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்யக் கொடுத்தவனே நான்தான். ஒரு வருஷமாக விழாவுக்காகக் காத்திருந்தோம். அந்த ஒரு வருஷமும் அவன் உள்ளே இருந்தான். இதற்கு மேல் இதை நல்ல வார்த்தைகளில் எழுத எனக்கு வரவில்லை.

விழா நடந்தது. உன் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்று குமாஸ்தாவின் மாமியாரை உட்காரவைத்தார்கள். அந்த அம்மா நன்றாக அழுதார்கள், பத்திரிகையில் படம் வந்தது. மறுநாள் என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். வாகனப் பிரிவு. ஜன்னலைத் திறந்தால் ஜீப்புகளின் சக்கரம் தெரிகிறது. ஒரு விதத்தில் நானும் டிப்போவுக்கே வந்துவிட்டேன், நீ சிரிக்கலாம்.

நேற்று ஊருக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்கு எதிரே நின்றேன், திரும்பி நடந்தேன், மறுபடி வந்தேன். கடைசியில் அவரே, "அளவு குடுக்கணும்னா உள்ள வாங்க"ன்னார்.

உள்ளே போய்ச் சொன்னேன். என் பெயரை, யார் வீட்டுப் பிள்ளை என்பதை, அன்று நான் அங்கே இருந்ததை. இருந்தேன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் அரைகுறையாகச் சொல்ல முடியவில்லை அக்கா, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இஸ்திரிப்பெட்டி என் கையில்தான் இருந்தது என்று கத்தினேன். முதல் அடி என்னுடையது. கண்ணில் பட்டது அதுவா, அடுத்ததா, எனக்குத் தெரியாது.

அப்போதுதான் அவர் மிஷினை நிறுத்தினார். "அதுதான்"ன்னார். "எனக்குத் தெரியும். நான்தான பார்த்துக்கிட்டு இருந்தேன், அதுவரைக்கும்."

ஒரு அம்மா ரவிக்கை வாங்க உள்ளே வந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "இப்ப சொன்னதை இவங்களுக்கும் சொல்லு"ன்னார். சொன்னேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார், அவருக்கும் சொன்னேன். வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஒருவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார், தையல்காரர் தடுத்துவிட்டார். "வேண்டாம். இவன் பேசி முடிக்கட்டும். மாடிப்படியில விழுந்தேன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அதை மாத்தணும்ல?"

கடை சாத்தும்போது, மன்னிப்பீர்களா என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ. அவர் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டு, "முடியாதுப்பா"ன்னார். கோபமாகச் சொல்லவில்லை. துணி பத்தாது என்று சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு, "அடுத்த வாரமும் வா. இன்னும் நிறைய பேருக்குத் தெரியணும்"ன்னார்.

மேடையில் உன்னைச் சொல்லவைக்க ஒரு பக்கம் எழுதினேன். அவர் முன்னால் அப்படி எழுதிவைத்தது போல எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. போலீசிலும் எழுதிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். வேலை போகும். பயமாக இருக்கிறது அக்கா. அடுத்த வாரம் போவதா என்று சொல்.

தவளை


ஏப்ரல் 12

என் தவளைக்கு,

போ. இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்கு. அவர் வாய்லேர்ந்து மன்னிச்சேன்னு வரும்னு நினைச்சுக்கிட்டுப் போகாத. அவர் கடையில நீ வாடிக்கைக்காரன், கேட்டதெல்லாம் கிடைக்காது. போலீசுக்கு எழுதிக் குடுக்கணும்னா அவரைக் கேட்டுட்டு எழுது. அது அவர் கண்ணு, உன் வசதிக்கு அதை மறுபடியும் எடுத்துக்காத. வேலை போனா இங்க வா, பஞ்சு அடைக்க ஆள் இல்ல.

முதல் அடி உன்னுதுன்னு படிச்சதும் காகிதத்தை மடிச்சு வச்சுட்டேன். கடைசி வரைக்கும் நீ சும்மா நின்னவனா இருப்பன்னு ஒரு நப்பாசை இருந்துச்சு. சட்டையைத் துவைச்சப்பவே போயிருக்கணும், போகல. இப்போ போச்சு. அதுக்காக உன் மேல இருக்கிறது போகல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கு. என்ன பண்ணச் சொல்ற.

சுருட்டை வெளியில வந்துட்டான். அவன் மக அவனை மாமான்னு கூப்பிடுதாம். போன ஞாயித்துக்கிழமை தனியா என் வீட்டுக்கு வந்தான். வாசல்லயே நின்னான். உள்ள வான்னேன். டீ போட்டுத் தர்றேன், உட்காருன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

டிப்போவுலேர்ந்து ஒரு பஸ் சீட்டை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, ரெக்ஸின் ஒட்டுறதுக்காகப் பசை தடவிக் காயப் போட்டிருந்தேன். கூடத்துல வேற உட்கார இடம் இல்ல. அவன் அதுல உட்கார்ந்துட்டான். நான் டீ கொண்டாந்தேன். மாமா எப்படிப்பட்டவருன்னு கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அழுதோம், அவனும் நானும் வேற வேற பக்கம் பார்த்துக்கிட்டு. அப்புறம் கிளம்புறேன்னு எழுந்தான். சீட்டும் கூடவே எழுந்துச்சு.

நல்லெண்ணெய் போட்டுப் பார்த்தேன், வரல. கத்தரிச்சுத்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு. பீரோவுலேர்ந்து மாமாவோட காக்கி பேன்ட் ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். இடுப்பு சரியா இருந்துச்சு, நீளம் அதிகம். கால்ல ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனான். அவன் பேன்டோட பின்பக்கம் இன்னும் சீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கு. திங்கக்கிழமை மேஸ்திரி அம்மா சீட்டைக் கேட்டாங்க, காயலன்னு சொல்லிட்டேன்.

அக்கா